உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கு மனத்தையும் வீட்டையும் ஆயத்தப்படுத்துதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பேரியாட்ரிக் சர்ஜரி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் உடற்பருமன் அறுவை சிகிச்சை, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின், அதில் சுருக்கப்பட்ட சிறிய இரைப்பையோடு வாழ்நாள் முழுவதும் வாழ வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் தெம்பு உடலுக்கும் இருக்காது, மனத்திற்கும் இருக்காது. ஆகவே மெல்லச் சாப்பிடுவது, அளந்து குடிப்பது, வீட்டாரோடு பேசி முடிப்பது, பணத்தை ஒழுங்குசெய்வது, துக்கம் வரும்போது உணவைத் தவிர வேறொன்றை நாடுவது ஆகிய அனைத்தையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களிலேயே பழகிக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மருந்து, உணவு, நாள்கணக்கு ஆகியவற்றில் உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

முதல் படி: குற்ற உணர்வை இறக்கிவையுங்கள்

"வாயைக் கட்டினால் போதாதா, இதற்குப் போய் வயிற்றை அறுப்பார்களா?" என்ற கேள்வியை நம் ஊரில் இந்தச் சிகிச்சையை நாடும் ஏறக்குறைய எல்லோரும் பிறர் வாயால் கேட்டிருப்பார்கள். பலர் அதைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். உடல் எடை குறையத் தொடங்கியதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது, போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைகிறது, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. கடும் பருமன் உள்ளவர் பட்டினி கிடந்து குறைத்த எடை திரும்பத் திரும்ப ஏறுவதற்கு மன உறுதியின் குறைவைக் காட்டிலும் இந்த உடலியக்கமே பெரிய காரணம். அறுவை சிகிச்சை இரைப்பையின் கொள்ளளவைக் குறைப்பதோடு இந்தச் சுரப்புகளையும் மாற்றுவதால்தான், உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் கிடைக்காத பலன் அதில் கிடைக்கிறது.

இதை முதல் படியாக வைப்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. வெட்கப்படுபவர், தாம் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்பதை டயட்டீஷியனிடம் மறைக்கிறார்; இரண்டு ஆண்டு கழித்து எடை சற்று ஏறினால் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார். இவ்விரண்டும் சிகிச்சையின் பலனைக் கெடுப்பவை.

இரண்டாம் படி: என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் அதிகம் செய்யப்படுபவை ஸ்லீவ் சிகிச்சையும் பைபாஸ் வகைகளும் ஆகும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீக்கிவிட்டு, ஒடுங்கிய குழாய்போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். நீக்கியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். எதையும் நீக்குவதில்லை என்றாலும், சத்துகள் உறிஞ்சப்படும் பாதை மாறிவிடுவதால் வைட்டமின், இரும்பு, கால்சியக் குறைபாடுகள் ஏற்படும் வாய்ப்பு கூடுதல். கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை மேலும் கூட்டக்கூடும் என்பதால் பெரும்பாலும் பைபாஸையே பரிந்துரைக்கிறார்கள். உங்களுக்கு ஏன் இந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் எண்டோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) முடிவையும் சர்க்கரை அளவையும் வைத்து அவர் பதில் சொன்னால் அது பொறுப்பான பதில்.

தகுதியைப் பி.எம்.ஐ. கொண்டு கணக்கிடுகிறார்கள். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 2022-இல் உடற்பருமன் அறுவை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பும் பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், பி.எம்.ஐ. 35-க்கு மேல் உள்ள எவருக்கும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது, ஏனெனில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோ போன்ற, எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் உங்களுக்கு ஏற்றவையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன; மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு மிஞ்சியிருப்பது ஆபத்து.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது. சுவீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த பேராய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் உடல் எடையில் சராசரியாக 32 விழுக்காட்டை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக நின்றது. 110 கிலோ உள்ள ஒருவருக்கு இதைப் பொருத்தினால் எடை 75 வரை இறங்கிப் பின்னர் 82 அல்லது 83-இல் நிலைகொள்ளும். கல்லூரி நாள்களில் இருந்த 58 கிலோவை மனத்தில் வைத்துக்கொண்டு அறுவை அரங்குக்குள் போகிறவர், மிக நல்ல பலன் கிடைத்த பிறகும் தோற்றுவிட்டதாகவே நினைத்து வருந்துவார். அதே ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருந்தது. எடைக்கருவியின் எண்ணைவிட, மூட்டுவலி இல்லாமல் மாடிப்படி ஏறுவது, இன்சுலின் அளவு குறைவது, இரவில் மூச்சுத் திணறாமல் உறங்குவது போன்றவற்றை உங்கள் இலக்குகளாக எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவமனையைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

2024 ஏப்ரலில், உடற்பருமன் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு பல குடும்பங்களில் இச்சிகிச்சை என்றாலே மரணம் என்ற அச்சம் புகுந்துவிட்டது. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அதைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2009-இல் வெளியான பல மருத்துவமனைகளில் நடந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்குப் பின் 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு. ஆபத்து சிறியது என்றாலும் அது பூஜ்யம் இல்லை. மேலும், இத்தகைய முடிவுகள் பயிற்சி பெற்ற குழுவும் வசதியும் இருக்கும் இடங்களில் கிடைப்பவை.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். அறுவை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்? முழு வசதியுள்ள ஐ.சி.யு. அதே கட்டடத்தில் இருக்கிறதா? நள்ளிரவில் இரத்தக் கசிவோ தையல் கசிவோ ஏற்பட்டால் யார் வருவார்கள்? மயக்க மருத்துவர் உங்களை முன்கூட்டியே பார்ப்பாரா? டயட்டீஷியனும் மனநல நிபுணரும் குழுவில் இருக்கிறார்களா? இவற்றுக்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். "இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தும் இடத்தையும் நான் நம்பமாட்டேன்.

சிகிச்சைக்கு முன் இரத்தப் பரிசோதனைகள், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, வைட்டமின் டி மற்றும் பி12, இரும்புச் சத்து, இதயத்திற்கான எக்கோ, வயிற்று ஸ்கேன், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி, குறட்டை உள்ளவர்களுக்கு உறக்கப் பரிசோதனை ஆகியவை நடக்கும். இவற்றைச் செலவைக் கூட்டும் வழி என்று எண்ணித் தவிர்க்கப் பார்க்காதீர்கள். உறக்கத்தில் மூச்சுத்தடை இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

நான்காம் படி: பணமும் காப்பீடும்

மருத்துவ வழிகாட்டலுக்கும் காப்பீட்டு விதிக்கும் உள்ள இடைவெளியில்தான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவர் 32 பி.எம்.ஐ. உள்ள சர்க்கரை நோயாளிக்குச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள நிபந்தனை வாசகப்படி, 18 வயது நிரம்பியவராகவும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேலாகவும் இருக்க வேண்டும். அதில்லாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், எடைகுறைப்புக்கான எளிய முறைகள் பலனளிக்காத நிலையில், பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாக வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ, 40 என்பது ஏறத்தாழ 102 கிலோ. பாலிசி எடுத்தபின் இச்சிகிச்சைக்குப் பணம் கோர முடியாத காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். கடந்த ஆண்டுகளில் எடை குறைக்க நீங்கள் எடுத்த முயற்சிகளின் மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்; முன் அனுமதி கேட்கும்போது அவை உதவும்.

அறுவைக் கட்டணத்தோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். புரதப் பொடி, வாழ்நாள் முழுவதற்கும் வைட்டமின் மாத்திரை, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை, மாறிக்கொண்டே இருக்கும் உடை அளவு, சில வேளை தொங்கும் தோலுக்கான தனிச் சிகிச்சை ஆகிய செலவுகள் பின்தொடரும்.

ஐந்தாம் படி: மனநல நிபுணரைச் சந்திப்பது

இந்தச் சந்திப்பைத் தேர்வுபோல எண்ணி, எதைச் சொன்னால் தேறிவிடலாம் என்று பலர் யோசித்துக்கொண்டு போகிறார்கள். உண்மையில் அது உங்கள் பக்கம் நின்று பேசக்கூடிய ஒருவரைச் சிகிச்சைக்கு முன்பே சம்பாதித்துக்கொள்ளும் வாய்ப்பு. இரவில் எழுந்து யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு அழுவது, மனச்சோர்வு மாத்திரை எடுப்பது, மது அருந்துவது, சிறுவயதில் நேர்ந்த கொடுமை ஆகிய எதையும் மறைக்க வேண்டாம். இவை பெரும்பாலும் சிகிச்சையை ரத்துசெய்வதில்லை. முதலில் எதைச் சீர்செய்ய வேண்டும் என்று காட்டுகின்றன. பைபாஸுக்குப் பிறகு மது மிக விரைவாக இரத்தத்தில் ஏறுவதால், முன்பு கட்டுக்குள் இருந்த குடி பின்னர் அடிமைத்தனமாக மாறக்கூடும். மனச்சோர்வு மருந்துகள் உறிஞ்சப்படும் அளவும் மாறலாம் என்பதால் அவற்றின் அளவைத் திட்டமிட்டே மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தச் சந்திப்புக்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, அதற்குச் சற்று முன் மனம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். அலுவலகத்தில் திட்டு வாங்கிய மாலையில் பஜ்ஜிக் கடை, மாமியாரோடு மனத்தாங்கல் வந்த இரவில் பிஸ்கட் பாக்கெட், பிள்ளைகள் உறங்கியபின் கிடைக்கும் ஒரே தனிமையில் முறுக்கும் தொலைக்காட்சியும் என்று ஒரு வழித்தடம் தெரியவரும். அறுவை மருத்துவர் அந்த வழித்தடத்தைத் தொடுவதில்லை. இரைப்பை சுருங்கிய பிறகும் துக்கம் அதே வழியில்தான் வரும், ஆனால் பழைய ஆறுதல் அங்கே காத்திருக்காது. அப்போது என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே தேடிக்கண்டு பழகுங்கள்: ஒருவரோடு தொலைபேசியில் பேசுவது, மொட்டை மாடியில் நடப்பது, கோலம், தையல், பாட்டு, பிரார்த்தனை என்று உங்களுக்குப் பொருந்துவது எதுவாயினும் சரி. உணவின்மேல் உள்ள பிரியத்திற்காக வருந்துவதும் இயல்பானதே. அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு தட்டு நிறையச் சாப்பிடும் நாள் இனி வராது என்பது உண்மையான இழப்பு. அதை இழப்பென்று ஒப்புக்கொள்பவர்கள்தான் பின்னர் தடுமாறாமல் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஆறாம் படி: வீட்டாரோடு பேசுங்கள்

நம் வீடுகளில் அன்பைப் பரிமாறும் கரண்டியால்தான் காட்டுகிறார்கள். "இன்னும் ஒரு வாய்", "என்ன, பிடிக்கவில்லையா?" என்ற சொற்களுக்கு எதிரே மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொள்வது எளிதன்று. சமைப்பவரை, அவர் அம்மாவோ மனைவியோ மாமியாரோ யாராக இருந்தாலும், ஒரு முறையாவது டயட்டீஷியனிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொன்னால் பிடிவாதம் என்று தோன்றுவது, மருத்துவமனையில் சொல்லக் கேட்டால் மருந்தாகத் தெரியும்.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உடன் வாழ்பவர்களிடம் மறைக்கக் கூடாது. அவசரம் நேர்ந்தால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். உறவினர் கூட்டத்திடம் "வயிற்றில் ஒரு சிகிச்சை, மருத்துவர் சொன்னபடி கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன்" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திருமணப் பேச்சுக்காகப் பெற்றோர் அவசரப்படுத்தும் பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது உங்கள் உடல், உங்கள் ஒப்புதலே சிகிச்சையின் அடிப்படை. முகூர்த்த நாளுக்குள் மெலிய வேண்டும் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது தவறு. எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆயினும் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தவிர்க்கும்படிதான் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்புவதும் பாதுகாப்பில்லை. இதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும்.

வேலைகளையும் பங்கிட்டுவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கிரைண்டர், இடுப்பில் ஏறும் குழந்தை ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அலுவலக வேலை என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். தீபாவளி, பொங்கல், வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு முந்தைய மாதத்தில் நாள் குறிக்க வேண்டாம். நோன்பு, விரதம் இருப்பவர்கள் முதல் ஆண்டில் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை மேற்கொள்ளக் கூடாது.

ஏழாம் படி: உடலைப் பழக்குங்கள்

புகைப்பதையும் மெல்லும் புகையிலையையும் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே விட வேண்டும். புகையிலை, தையல் ஆறுவதைத் தாமதப்படுத்துவதோடு, பைபாஸுக்குப் பின் இணைப்பில் புண்ணையும் உண்டாக்கும். காப்பி நாலைந்து வேளை குடிப்பவர்கள் படிப்படியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சிகிச்சையன்று தலைவலியும் சேர்ந்துகொள்ளும். நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை உட்பட நீங்கள் எடுக்கும் அனைத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, சிறு கிண்ணத்தில் சிறு கரண்டியால் இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிடப் பழகுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டின் நடுவே தண்ணீர்ச் சொம்பைத் தேடும் கை எளிதில் அடங்காது என்பதால் இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள்.

கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த, ஏறத்தாழ 800 முதல் 1000 கலோரி கொண்ட உணவு தருவார்கள். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்யும்போது இரைப்பையை மறைத்துக்கொள்ளும். இந்த உணவால் அது சுருங்குவதால் சிகிச்சை பாதுகாப்பாக நடக்கிறது. "கடைசியாக ஒரு முறை" என்று பிரியாணி விருந்துகளை இந்த நாள்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் இந்த உணவைத் தொடங்கும் நாளிலேயே இன்சுலின், கிளிமிப்ரைடு மாத்திரை ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும், இல்லையெனில் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

எட்டாம் படி: சமையலறையை மாற்றுங்கள்

சிகிச்சைக்குப் பின் தெளிந்த நீர்மம், கெட்டியான நீர்மம், கூழ், மென்மையான உணவு, வழக்கமான உணவு என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாக முன்னேறுவார்கள். வடிகட்டிய காரமில்லா ரசம், பருப்புத் தண்ணீர், நீர்மோர், மிக்ஸியில் அடித்த பருப்பும் காயும், மசித்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் நம் அடுப்பிலேயே செய்யக்கூடியவை. சிரமம் புரதத்தில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் ஏறத்தாழ 2 கிராம், ஒரு முட்டையில் 6, ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7, நூறு கிராம் பன்னீரில் 18, அதே அளவு மீனில் 20 கிராம் அளவில் இருக்கும். ரசத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில கரண்டி மட்டுமே கொள்ளும் இரைப்பையில் சோற்றை முதலில் போட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. ஆகவே புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் என்ற வரிசையை வீடே இப்போதிருந்து பழகட்டும். சைவ உணவுக்காரர்கள் பன்னீர், கெட்டித் தயிர், மீல்மேக்கர், பயறு ஆகியவற்றோடு புரதப் பொடியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். பொடியைச் சிகிச்சைக்கு முன்பே சிறிதளவு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.

மருந்துடன் வரும் அளவுக் கிண்ணங்கள் சில, சிறு கரண்டிகள், அளவுக் கோடிட்ட தண்ணீர் பாட்டில், நல்ல வடிகட்டி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சிறுகச் சிறுகக் குடித்து ஒன்றரை லிட்டரைத் தாண்டுவதே முதல் வாரங்களின் முழுநேர வேலையாக இருக்கும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் பாயசமும் மைசூர்பாகும் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கு வரலாம் என்பதை வீட்டார் அறிந்திருக்கட்டும்.

ஒன்பதாம் படி: மருத்துவமனை நாள்களும் திரும்பிய வாரங்களும்

தளர்வான முன்பக்கம் திறக்கும் உடை, வழுக்காத செருப்பு, உறக்க மூச்சுத்தடைக்காகப் பயன்படுத்தும் கருவி இருந்தால் அது, மருந்துப் பட்டியல், காப்பீட்டுத் தாள்கள் ஆகியவை போதும். சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க அது இன்றியமையாதது. பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள்.

ஒரு தாளில் ஆபத்துக் குறிகளை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்: ஓய்விலும் 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், தண்ணீரும் தங்காத வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்காமல், காலை வரை பொறுக்காமல், சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும். நாள்கணக்கில் நீளும் வாந்தியால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து மூளை பாதிக்கப்படலாம்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் "ஏன் இதைச் செய்துகொண்டேன்?" என்ற எண்ணம் வருவது மிகப் பரவலானது. மற்றவர்கள் சாப்பிடும் மணம், சோர்வு, நீர்மம் மட்டுமே உட்கொள்ளும் சலிப்பு ஆகியவை சேர்ந்து அழ வைக்கும். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் முடி கொட்டும். புரதமும் இரும்பும் போதுமானால் பெரும்பாலும் திரும்ப வளரும். எடை சில வாரங்கள் அசையாமல் நிற்கும். ஊரார் பாராட்டும்போது, இதற்கு முன் தம்மை மதிக்காதவர்கள் இப்போது சிரித்துப் பேசுவதைக் கண்டு கோபம் வருவதாகச் சிலர் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது, அதை மனநல நிபுணரிடம் பேசலாம். சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து சிலரிடம் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வாழ்வு சலித்துப்போனதாகத் தோன்றினால் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-இல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

பரிசோதனைக்குத் திரும்ப வேண்டிய நாள்களை வீடு வந்த அன்றே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பொதுவாக மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்தம் பார்க்க வேண்டும். எடை நன்றாக இறங்கிய ஆண்டிலும் போங்கள், ஏறிய ஆண்டில் இன்னும் சீக்கிரமாகவே போங்கள்.